சார், காத்து என்ன விலை?

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிக்கிறோம். ரயிலில் ரிசர்வேஷன் செய்தால், 'விண்டோ கிடைச்சுதா?' என்பதுதான் முதல் கேள்வி. ஆபீஸில் ஜன்னல் பக்கம் டேபிள் கிடைத்தவனைப் புரமோஷன் கிடைத்தவனைப் போலப் பார்க்கிறோம். இவ்வளவு ஜன்னல் பிரியர்களான நாம், சொந்த வீட்டு ஜன்னலை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் தெரியுமா? 'மேஸ்திரி சொன்னாரு... போட்டுட்டோம்!' மேஸ்திரி ஏன் அப்படிச் சொன்னார்? அவருடைய மச்சான் அலுமினியக் கடை வைத்திருக்கிறார். தீர்ந்தது விஷயம்!

பழைய ஜன்னலை மாற்ற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'நான் வாடகை வீட்டுல இருக்கேன் சார்' என்கிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஹவுஸ் ஓனரிடம் சண்டை போட நாலு நல்ல பாயிண்ட் கிடைக்கும்.

குரோம்பேட்டையில் என் அப்பா 1988-ல் கட்டிய வீட்டுக்கு மொத்தம் ஒன்பது ஜன்னல்கள். அரசாங்க உத்தியோகஸ்தர் என்பதால், செங்கல் முதல் சித்தாள் கூலி வரை ஒரு நீளமான பைண்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதில், 'ஜன்னல் வகையில் - ரூ.11,340' என்று ஒரு வரி. 2024-ல் பார்த்தபோது கறையான் அந்த நோட்டை மட்டும் விட்டுவிட்டு ஜன்னல்களைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் பி.காம். ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? 11,340-ஐ 36 வருஷத்தால் வகுத்தேன். வருஷத்துக்கு 315 ரூபாய். ஒரு ஜன்னலுக்கு வருஷத்துக்கு 35 ரூபாய்! இன்றைக்கு 35 ரூபாய்க்கு ஜன்னலைத் துடைக்கக்கூட ஆள் வராது.

"எல்லாத்தையும் மாத்திடலாம்ப்பா" என்றேன்.

"மாத்துடா. ஆனா ஒண்ணு. உங்கம்மா ரூம்ல காத்து குறையக் கூடாது" என்றார்.

அப்பா சும்மா சொல்லவில்லை. அம்மாவுக்கு வீசிங். ஏ.சி. போட்டால் அரை மணி நேரத்தில் இருமல் ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, அப்போது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. ஃபேன் கிடையாது. அந்த நாலு ராத்திரியும் அம்மா கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடியே தூங்கினாள். ஆக, எங்கள் வீட்டில் ஜன்னல் என்பது அலங்காரச் சாமான் இல்லை. மருந்து மாத்திரை மாதிரி.

இந்த ஒரு கண்டிஷனைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன்.

மூன்று ஜாதகங்கள்

மார்க்கெட்டில் முக்கியமாக மூன்று வரன்கள். அலுமினியம், யு.பி.வி.சி., மரம்.

அலுமினியம் ஒல்லியான பையன். சட்டம் மெல்லிசாக இருப்பதால் கண்ணாடிக்கு நிறைய இடம் கிடைக்கும். கறையான் திரும்பிப் பார்க்காது. மழையில் ஊதாது. குறை என்னவென்றால், சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன். யு.பி.வி.சி.யோடு ஒப்பிட்டால் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாகக் கடத்துவான். மே மாதம் வெயில் விழும் அலுமினியச் சட்டத்தில் கையை வைத்துப் பாருங்கள், புரியும். பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். என்று கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் உப்புக் காற்றைத் தாங்குகிற நல்ல பவுடர் கோட்டிங்கும், எஸ்.எஸ். திருகாணியும் கேட்டு வாங்க வேண்டும். சாதா இரும்புத் திருகாணி போட்டால் சட்டம் அப்படியே இருக்கும். திருகாணி துருவாகக் கொட்டிவிடும்.

யு.பி.வி.சி. என்பது, தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வளைந்து கொடுக்க வைக்கும் சரக்கைச் சேர்க்காமல் விறைப்பாகச் செய்த பிளாஸ்டிக். வெயிலைத் தாங்க டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். சட்டத்துக்குள் அறை அறையாக வெற்றிடம் இருக்கும். நடுவே துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்புப் பட்டை செருகியிருக்க வேண்டும். 'செருகியிருக்க வேண்டும்' என்றுதான் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விலை குறைவாகச் சொல்கிற இடத்தில், 'குறுக்கா வெட்டின பீஸ் ஒண்ணு காட்டுங்க' என்று கேளுங்கள். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம். டீயைக் குடித்துவிட்டுத்தான்!

இதில் இன்னொரு சமாசாரம். யு.பி.வி.சி. வெயிலில் நீளும். நாலடிச் சட்டம் 20 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை எம்.எம்.முக்கு மேல் நீளும். அதனால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, நுரையும் சிலிக்கானும் வைத்து அடைப்பார்கள். நம்ம கொத்தனார் அக்கறையாக அந்தச் சந்தில் சிமென்ட்டைத் திணித்து இறுக்கிவிட்டால், முதல் கோடையிலேயே சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு மூடாது.

மரம் நம்ம தாத்தா. தேக்கில் கறையான் ஏறாது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. நடுவில் இருக்கும் வைரத்தில் ஏறாது. ஓரத்து வெள்ளைப் பகுதியில் தாராளமாக ஏறும். 'தேக்குதான் சார், அடிச்சுச் சொல்றேன்' என்று கடைக்காரர் அடித்துச் சொல்வது நிஜமாகவே தேக்காக இருக்கலாம். ஆனால் வெள்ளை கலந்த தேக்கு. ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும், கதவு மாட்டிக்கொள்ளும். பங்குனியில் சுருங்கும், சந்து விடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட்டோ வார்னிஷோ கேட்கும். அதற்குப் பதிலாக, ரிப்பேர் பண்ண முடிகிற ஒரே ஜன்னல் இதுதான். மற்ற இரண்டும் கெட்டால், அதே கம்பெனியின் அதே பார்ட் கிடைத்தால்தான் உண்டு.

எனக்கு வந்த கொட்டேஷன்கள், வரியெல்லாம் சேர்த்து, சதுர அடிக்கு: அலுமினியம் ஸ்லைடிங் 550 ரூபாய். யு.பி.வி.சி. ஸ்லைடிங் 650. கதவு மாதிரி திறக்கும் யு.பி.வி.சி. 900. தேக்கு 1,900. எங்கள் வீட்டு ஒன்பது ஜன்னலும் சேர்த்து 136 சதுர அடி. தேக்கென்றால் 2,58,400 ரூபாய். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பணத்துக்கு அப்ப இன்னொரு வீடே கட்டியிருப்பேன்" என்றார். சரிதான், கட்டியிருப்பார்.

லைட் போட்டு ஒரு மேஜிக்

ஒரு ஷோரூமில் டை கட்டிய பையன் என்னை ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தான். உள்ளே ஒரு பெரிய லைட். முன்னால் இரண்டு கண்ணாடி. ஒன்று சாதா. இன்னொன்று டபுள், நடுவே காற்று அடைத்தது.

"கையை வச்சுப் பாருங்க சார்... சூடு தெரியுதா? இதுல வையுங்க... கூல்!" என்றான்.

கூலாகத்தான் இருந்தது. கூடுதல் விலையைச் சொன்னதும் எனக்குத்தான் சூடு ஏறியது. வெளியே வந்து ஒரு கையேந்தி பவனில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள், கஷ்டமில்லை.

ஒரு சதுர மீட்டர் சாதா கண்ணாடி. வெளியே 35 டிகிரி, உள்ளே ஏ.சி. போட்டு 25 டிகிரி. இந்த 10 டிகிரி வித்தியாசத்தால் கண்ணாடி வழியே உள்ளே கடந்து வரும் சூடு சுமார் 57 வாட். டபுள் கண்ணாடி போட்டால் அது ஏறக்குறைய பாதியாகும். ஆக, மிச்சம் முப்பது வாட்டுக்குள். அதே கண்ணாடி மேற்கு பார்த்து இருந்து, சாயங்கால வெயில் நேராக அடிக்கிறது என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுந்தால், சாதா கண்ணாடி அதில் 400 வாட்டை 'வாங்க வாங்க' என்று உள்ளே கூப்பிட்டுவிடும். சாதா கண்ணாடியிலேயே செய்த டபுள் கண்ணாடி என்றால் 350 வாட்டை.

அதாவது, நம் ஊரில் வில்லன் வெளிக் காற்றின் சூடு இல்லை. வெயில். டபுள் கண்ணாடி என்பது, வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே பூஜ்யத்துக்கும் கீழே என்று மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிற தேசங்களுக்காக ஏற்பட்ட சமாசாரம். அங்கே அது இல்லாமல் முடியாது. நம் ஊரில் மேற்கு ஜன்னலுக்கு முதலில் வேண்டியது அகலமான சன்ஷேடு. அதுவும் போதாவிட்டால் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி. 'வெளிப்பக்கம்' என்பதைக் கவனியுங்கள். உள்ளே ஸ்கிரீன் போடுவது திருடனை ஹால் வரைக்கும் விட்டுவிட்டு பெட்ரூம் கதவைச் சாத்துகிற மாதிரி. வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது.

நாள் முழுக்க ஏ.சி. ஓடுகிற வீடு என்றால் டபுள் கண்ணாடிக்கு, அதுவும் வெயிலைத் திருப்பி அனுப்பும் ஸ்பெஷல் கோட்டிங் போட்ட கண்ணாடிக்கு நியாயம் உண்டு. அம்மா ரூமில் ஏ.சி.யே கிடையாதே! ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவளுக்குச் சிங்கிள் கண்ணாடி என்ன, டபுள் கண்ணாடி என்ன?

மீதிப் பாதியில வெளிச்சம் வரும் சார்!

இப்போதுதான் கதையின் முக்கியக் கட்டம். அதே ஷோரூமில் எல்லோரும் வாங்குகிற மாடல் என்று ஒரு ஸ்லைடிங் ஜன்னலைக் காட்டினார்கள். மூணு டிராக். இரண்டு கண்ணாடி, ஒரு கொசுவலை. விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

"எவ்வளவு தொறக்கும்?"

"ஃபுல்லா தொறக்கும் சார்."

தள்ளிக் காட்டினான். ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நின்றது.

"பாதிதானே தொறந்திருக்கு?"

"மீதிப் பாதியில வெளிச்சம் வரும் சார்!"

பதில் சொல்வதில் அந்தப் பையன் பெரிய ஆளாக வருவான். ஆனால் நான் வந்தது வெளிச்சத்துக்காக இல்லையே. 'ஜன்னல்' என்று நாம் சொல்கிறோமே, அது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன 'ஜனேலா'. அதற்கு முன்பே பழந்தமிழில் 'காலதர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. இங்கிலீஷ்காரனின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றுக் கண்' என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். நம் பாட்டனும் அவன் பாட்டனும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி காற்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி என்ற பேச்சே இரண்டிலும் இல்லை.

பாட்டன் பேச்சு வேண்டாம், சர்க்கார் பேச்சு வேண்டும் என்பவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பிரிவு 2018-ல் வீடுகளுக்காக ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். (பெயரைக் கேட்டால் ஆயுர்வேத லேகியம் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.) சென்னை மாதிரி வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், வீட்டின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது 'திறக்கக்கூடிய' ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது அது. 'திறக்கக்கூடிய' என்ற வார்த்தைதான் முக்கியம். கதவு மாதிரி திறக்கும் ஜன்னலுக்கு அதன் அளவில் 90 சதவீதம் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கண்ணாடி ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம்தான். பெரிய மனைகளில் புதிதாக எழும்பும் கட்டடங்களை மனதில் வைத்துப் போட்ட விதி அது. நம் பழைய வீட்டுக்கு யாரும் வந்து டேப் பிடிக்கப் போவதில்லை. இருந்தாலும் கணக்கு கணக்குதானே?

அம்மா ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. அங்கே நாலுக்கு நாலில் இரண்டு ஜன்னல். மொத்தம் 32 சதுர அடி. பழைய மாதிரி திறக்கும் கதவு என்றால் 28.8 சதுர அடி. ஜோராகப் பாஸ். ஸ்லைடிங் போட்டால் 16. ஃபெயில்!

பாருங்கள், ஜன்னல் அதே இடத்தில்தான் இருக்கும். அதே அளவில்தான் இருக்கும். பார்க்கப் பளபளவென்று புதுசாக இருக்கும். காற்று மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்குக் காசும் நாம்தான் கொடுப்போம். அப்புறம், 'முன்ன மாதிரி காத்தே வர்றதில்ல, மரத்தையெல்லாம் வெட்டிட்டானுங்க' என்று கார்ப்பரேஷனைத் திட்டுவோம்.

கதவு ஜன்னலில் இன்னொரு லாபமும் உண்டு. சுவரை ஒட்டிப் போகிற காற்றை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கதவு மறித்து உள்ளே திருப்பிவிடும். மூடினால் ரப்பர் அழுந்தி உட்காரும். சத்தமும் தூசியும் குறையும். ஸ்லைடிங்கில் ஓட வேண்டுமே என்பதற்காக ரப்பருக்குப் பதில் பிரஷ் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எங்கள் வீட்டு ஹாலில் இறங்குகிற மாதிரிதான் கேட்கும் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

அதற்காக ஸ்லைடிங் ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாடிப்படி ஜன்னலும் ஸ்டோர் ரூம் ஜன்னலும் பக்கத்துச் சந்தைப் பார்த்தவை. சந்தின் அகலம் இரண்டரை அடி. 36 வருஷமாக அந்த ஜன்னல் கதவுகள் அப்பா நெற்றியோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தன. அங்கே ஸ்லைடிங்தான் புத்திசாலித்தனம். ஜன்னலை வாங்கும் முன்னால் ஒவ்வொரு ஜன்னலிடமும் போய், 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்க வேண்டும். ஒன்பதுக்கும் ஒரே பதில் வராது.

ஆசாரியின் காது

ஷோரூம் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில், "முழுசா எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார்கள். அப்பா மட்டும், "எதுக்கும் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டிடு" என்றார். 1988-ல் இந்த ஜன்னல்களைச் செய்த அதே ஆசாரி. எழுபது தாண்டிவிட்டது. பேரன் டூ வீலரில் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

அவர் டேப் எடுக்கவில்லை, மொபைலில் போட்டோ எடுக்கவில்லை. உளியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஒவ்வொரு நிலையையும் தட்டிக்கொண்டே போனார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பாரே, அதேதான். ஹால் ஜன்னல் நிலை 'டங், டங்' என்றது. சமையலறையும் 'டங்'. பெட்ரூமுக்குப் போனார். 'தொக்... தொக்...'

"ஹாலுக்கும் அடுப்படிக்கும் நான் வேங்கை போட்டேன் தம்பி. வைரம். நிலை இன்னும் ஒரு தலைமுறை நிக்கும். கதவு மட்டும்தான் போச்சு, புதுசா மாட்டினாப் போதும். பெட்ரூமும் இந்தச் சந்துப் பக்கத்து ரெண்டும் கலப்பு மரம். உள்ளாற ஒண்ணுமில்ல, பெயின்ட்டுதான் நிக்குது" என்றார்.

"ஏன் அப்படிப் போட்டீங்க?" என்றேன்.

ஆசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா பைண்டு நோட்டைப் புரட்டினார். "பணம் பத்தலைடா. ஹால்னா நாலு பேர் வர்ற இடம். பெட்ரூம்ல நாமதானே படுக்கப் போறோம்னு..."

எத்தனை வீட்டில் இந்தக் கணக்கு! வருஷத்துக்கு நாலு தடவை வரும் விருந்தாளி பார்க்கிற ஜன்னலுக்கு வைரம். தினம் எட்டு மணி நேரம் தூங்குகிறவர்களின் ஜன்னலுக்குக் கலப்பு மரம். இன்றைக்கும் அதேதான் நடக்கிறது. ஹாலுக்கு டிசைன் கண்ணாடி, பெட்ரூமுக்கு 'இருக்கறதுல சீப்பா ஒண்ணு' என்று ஷோரூமில் ஒருவர் ஆர்டர் கொடுத்ததை என் காதாலேயே கேட்டேன். நான் மாற்றிப் போடுவது என்று முடிவு செய்தேன். பட்ஜெட்டில் முதல் மரியாதை அம்மா ரூமுக்கு.

கொட்டேஷனில் இல்லாத வரிகள்

கடைக்காரர் கொடுக்கும் காகிதத்தில் சதுர அடி விலை பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கண்டவை எந்த எழுத்திலும் இருக்காது. நீங்களாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பழைய நிலையைப் பெயர்ப்பது யார் செலவு? நம் வீடுகளில் கிரில் பெரும்பாலும் மர நிலையோடுதான் இருக்கும். நிலை போனால் கிரில்லும் போகும். அதை மறுபடி பொருத்துவது, உடைந்த பூச்சை ஒட்டுவது, பெயின்ட் டச்சப், இடிசலை அள்ளிப் போடுவது எல்லாமே தனித்தனிக் கூலி.

அளவை எப்படி எழுதுகிறார்கள்? மூணு அடி பத்தங்குல ஜன்னலை நாலடி என்று ரவுண்டு பண்ணுவது சிலர் வழக்கம். ஒன்பது ஜன்னலில் இந்த ரவுண்டிலேயே ஒரு ஜன்னல் காசு போய்விடும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது.

டஃபன்டு கண்ணாடி என்றால், அதன் மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா? இதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்துச் செய்கிறார்கள். சாதா கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உடைந்தாலும் கத்தி கத்தியாகக் குத்தாமல் கல்கண்டு மாதிரி உதிரும். ஆனால் செய்து முடித்தபின் வெட்ட முடியாது. அளவு தப்பினால் கண்ணாடி குப்பைக்குத்தான். அதனால் அளவெடுத்தவரிடம் அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஸ்லைடிங்கின் அடி டிராக்கில் மழைத் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா? ஓட்டை இருந்தால் மட்டும் போதாது. பெயின்ட்டரும் சிலிக்கான் பூசுகிறவரும் அதை அடைக்காமல் இருக்கிறார்களா? அடைத்துவிட்டால் முதல் மழையில் டிராக் வாய்க்காலாகி, உங்கள் பீரோவுக்குக் கீழே ஏரி உண்டாகும்.

கடைசியாக, ஒரு பெட்ரூமுக்கு ஒரு கிரில்லாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி இருக்கிறதா? நாம் எல்லா ஜன்னலையும் திருடனுக்குப் பயந்து இரும்புக் கூண்டாக்கிவிடுகிறோம். வாசல் பக்கம் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது? கிரில்லைப் பூட்டி, சாவியை உள்ளே ஓர் ஆணியில் மாட்டுங்கள். வெளியிலிருந்து கை விட்டால் எட்டக் கூடாது. உள்ளே இருட்டில் தடவினால் எட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு இரண்டு கீலும் ஒரு பூட்டும்.

ஐந்தொகை

இனி என் பாலன்ஸ் ஷீட். இரண்டு பெட்ரூமின் நாலு ஜன்னல், 64 சதுர அடி. கதவு மாதிரி திறக்கும் யு.பி.வி.சி., உள்பக்கம் கொசுவலைக் கதவு. 57,600 ரூபாய். சந்துப் பக்கம் இரண்டு, 20 சதுர அடி, ஸ்லைடிங். 13,000. ஹாலிலும் சமையலறையிலும் வேங்கை நிலை அப்படியே இருக்க, ஆசாரியின் மேற்பார்வையில் புதுக் கதவு, கண்ணாடி, கூலி சேர்த்து 28,000. பெயர்ப்பு, பூச்சு, கிரில், பெயின்ட் 30,000. ஆக மொத்தம் 1,28,600.

ஒன்பதையும் பெயர்த்துக் கதவு மாடல் யு.பி.வி.சி. போட்டிருந்தால் ஜன்னல் மட்டும் 1,22,400. சில்லறை வேலைக்கு 45,000 கேட்டார்கள். மொத்தம் 1,67,400. மிச்சம் 38,800 ரூபாய். ஆசாரி உளியைத் திருப்பித் தட்டிய பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு மதிப்பு. என் ஆடிட்டர் நண்பர்கள் யாரும் பத்து நிமிஷத்தில் இவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்ததில்லை.

இருபது வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 6,430 ரூபாய். ஒரு நாளைக்கு 17 ரூபாய் 60 காசு. ஆபீஸ் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு, மீதிச் சில்லறைக்குப் பிஸ்கட் கேட்டால் கடைக்காரர் முறைக்கிற தொகை.

வேலை முடிந்து பதினைந்து நாள் கழித்து, மார்கழி ராத்திரி ஒன்றில் அம்மா கூப்பிட்டாள். இழுப்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன்.

"என்னம்மா?"

"பரண்ல இருந்து அந்தக் கம்பளியை எடுத்துக் குடுடா. காத்து பிச்சுக்கிட்டு வருது."

"ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"ஐயோ, சாத்தாத!"

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருவோம். கடைக்குப் போகும் முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ரூமின் பரப்பை ஆறால் வகுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று கேட்காதீர்கள். எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பத்து சதவீதப் பணத்தைக் கடைசிக்கு நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் தோட்டத்துக் குழாயை எடுத்து, வெளியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஐந்து நிமிஷம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மீதியைக் கொடுங்கள். வந்தால், குழாயைக் கீழே போடாமல் அப்படியே கடைக்காரருக்குப் போன் போடுங்கள். 'நாளைக்கு ஆள் அனுப்பறேன் சார்' என்பார்.

பத்து சதவீதம் உங்கள் கையில் இருந்தால் நிஜமாகவே நாளைக்கு வருவார்கள்.